தோளில் சுமந்த எழுத்து: சி.சு. செல்லப்பாவின் வாழ்வும் வெளியீட்டுப் பணியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள போடிநாயக்கனூர், ஏலக்காயால் பெயர்பெற்ற ஊர். விடியற்காலையில் ஜீப்புகளில் போடிமெட்டு வழியாக மலையேறும் பெண்கள் ஏலத்தோட்டங்களில் காய் பறித்துவிட்டு மாலையில் ஊர் திரும்புகின்றனர். ஏலச்செடியின் காய்கள் எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. முற்றிய காயை மட்டும் கையால் தேர்ந்து பறித்தல் வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்து வரும்போது ஒரு கிலோவாகச் சுருங்கிவிடும். அதனையும் சல்லடையிலிட்டுச் சலித்துத் தரம் பிரித்த பின்னரே ஏலத்திற்குக் கொண்டு செல்வர். அளவு குறைவு, உழைப்பு மிகுதி, ஆயினும் ஒரு சிட்டிகை போதும், வீடு முழுவதும் மணக்கும்.

இம்மலையடிவாரத்தில், போடிக்குத் தெற்கே முல்லையாற்று நீர் பாயும் சின்னமனூரில் பிறந்த ஒருவர், தமிழ் இலக்கிய இதழியலில் இத்தகையதொரு தொழிலைச் செய்தார். குறைவாக அச்சிட்டார், தேர்ந்து அச்சிட்டார், அச்சிட்டதைத் தாமே சுமந்து சென்று விற்றார். அவரே சி.சு. செல்லப்பா. எழுதுவதும், இதழ் நடத்துவதும், நூல் வெளியிடுவதும், விற்பதும் ஒருவரே செய்யத்தக்க ஒரே பணி என்று கருதி, அக்கருத்தின்படியே எண்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த அவருடைய வரலாறு, சிறு முயற்சிகளில் நம்பிக்கை கொண்ட அனைவரும் அறிய வேண்டிய ஒன்றாகும்.

மண்ணும் மரபும்

செல்லப்பா 1912ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் சின்னமனூரில் பிறந்தார். பெயரின் முதலெழுத்தாக ஊரும், இரண்டாம் எழுத்தாகத் தந்தை சுப்பிரமணியத்தின் பெயரும் அமைந்தன. சின்னமனூருக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது. பாண்டியர் வரலாற்றுக்கு அடிப்படைச் சான்றுகளுள் ஒன்றாக விளங்கும் சின்னமனூர்ச் செப்பேடுகள் இவ்வூரின் பெயராலேயே அறியப்படுகின்றன. மதுரையில் சங்கம் நிறுவப்பட்டதையும், மகாபாரதம் தமிழாக்கம் பெற்றதையும் அச்செப்பேடுகள் பதிவு செய்துள்ளன. அன்று எழுத்தைச் செம்பில் நிலைநிறுத்த ஓர் அரசின் ஆணை தேவைப்பட்டது. அதே ஊரில் பிறந்த செல்லப்பாவோ அரசு, நிறுவனம், புரவலர் என எவருடைய துணையுமின்றி எழுத்தைத் தாளில் நிலைநிறுத்த முனைந்தார்.

அவர் குடும்பத்தின் ஊர் வத்தலக்குண்டு. அவ்வூரும் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றதேயாகும். தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான கமலாம்பாள் சரித்திரத்தை எழுதிய பி.ஆர். ராஜமய்யர், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, சிறுகதையாசிரியர் பி.எஸ். ராமையா ஆகிய மூவரும் வத்தலக்குண்டில் பிறந்தவர்களே. இம்மூவரின் தன்மைகளும் செல்லப்பாவிடம் ஒருங்கே அமைந்திருந்தன எனலாம். ராஜமய்யரின் இலக்கிய நாட்டம், சிவாவின் நாட்டுப்பற்று, ராமையாவின் இதழியல் ஈடுபாடு என மூன்று இழைகளால் பின்னப்பட்டதே அவர் வாழ்வு.

மதுரையில் கல்லூரிக் கல்வி பயின்ற காலத்தில் காந்தியடிகளின் இயக்கம் அவரை ஈர்த்தது. கதராடை, எளிய வாழ்க்கை, தன் வேலையைத் தானே செய்தல் ஆகியவை அன்று முதல் அவருடைய வழக்கங்களாயின. விடுதலைப் போராட்டத்தில் கலந்துகொண்டு சிறையும் சென்றார். தன் நூலைத் தானே நூற்க வேண்டும் என்ற காந்தியக் கொள்கையை, தன் நூலைத் தானே அச்சிட வேண்டும் என்று இலக்கியத்திற்குப் பொருத்திக்கொண்டவராக அவரைக் காண்பதில் தவறில்லை. பிற்காலத்தில் அவர் மேற்கொண்ட வெளியீட்டு முறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

மணிக்கொடியின் நிழலில்

1933இல் கு. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோரின் முயற்சியால் மணிக்கொடி தொடங்கப்பெற்றது. 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் அது சிறுகதை இதழாக மலர்ந்தது. புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி முதலியோர் எழுதிய அவ்விதழில் செல்லப்பாவும் எழுதினார். சரசாவின் பொம்மை என்னும் சிறுகதை அவருக்குப் பெயர் தேடித் தந்தது. தம் ஊர்க்காரரான ராமையா இதழை நடத்த மேற்கொண்ட பாடுகளைச் செல்லப்பா அருகிலிருந்து கண்டார். நல்ல கதைகள் கிடைத்தன. நல்ல வாசகர்களும் இருந்தனர். பணம் மட்டும் இல்லை. ஒரு மொழியின் சிறுகதைக்கே முகம் தந்த இதழ் சில ஆண்டுகளில் அந்த வடிவத்தில் நின்றுபோயிற்று.

இந்நிகழ்ச்சி செல்லப்பாவுக்குப் பாடமாக அமைந்தது. பின்னர்ச் சென்னையில் சந்திரோதயம், தினமணி கதிர் ஆகிய இதழ்களில் பணியாற்றியபோது, இதழியலின் மறுபக்கத்தையும் அவர் அறிந்துகொண்டார். விற்பனை எண்ணிக்கை உயர உயர, ஆசிரியரின் உரிமை குறையும் என்பதே அப்பாடம். தொடர்கதையும் துணுக்கும் நகைச்சுவையும் இதழை நிரப்பத் தொடங்கிய காலம் அது. வாசகருக்கு எது பிடிக்குமோ அதனையே அளிப்பது இதழின் கடமை என்ற கொள்கை வேரூன்றிவிட்டது. தமிழ்ச் சிறுகதை தேக்கமுற்றுவிட்டது என்ற கருத்தை 1950களின் நடுவில் செல்லப்பாவும் க.நா. சுப்ரமண்யமும் வெளிப்படையாக எழுதியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அவ்விவாதத்தைத் தொடர்ந்து நடத்துவதற்கான பக்கங்கள் பேரிதழ்களில் கிடைக்கவில்லை. பக்கங்கள் வேண்டுமாயின் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்குச் செல்லப்பா வந்து சேர்ந்தார்.

எழுத்து

1959ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் எழுத்து என்னும் இதழின் முதல் ஏடு வெளிவந்தது. சென்னை திருவல்லிக்கேணி, பிள்ளையார் கோயில் தெருவில் இருந்த அவருடைய சிறிய இல்லமே அலுவலகம். ஆசிரியர், வெளியீட்டாளர், மெய்ப்புத் திருத்துவோர், கணக்கர், அஞ்சலில் சேர்ப்போர் ஆகிய அனைவரும் அவர் ஒருவரே. படங்களோ கவர்ச்சியான அட்டையோ விளம்பரப் பக்கங்களோ இதழுக்கு அழகு செய்யவில்லை. கவிதை, கதை, திறனாய்வு ஆகிய மூன்றே அதன் உள்ளடக்கம்.

அக்காலத்து அச்சுத்தொழிலை அறிந்தவர்களுக்கு இப்பணியின் சுமை விளங்கும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, படிவம் எடுத்து, பிழை திருத்தி, மீண்டும் படிவம் எடுத்து, பின்னரே அச்சேற்ற வேண்டும். ஒரு பாரத்திற்குரிய எழுத்துகள் அச்சாகி முடிந்து, கலைத்துப் பெட்டியில் சேர்த்த பிறகே அடுத்த பாரத்தைக் கோக்க இயலும் நிலையில்தான் சிறிய அச்சகங்கள் இருந்தன. தாள் விலையும் அச்சுக்கூலியும் முன்பணமாகத் தேவை. சந்தாத்தொகையோ சிறிது சிறிதாகவே வரும். இவ்விடைவெளியை நிரப்ப இயலாமல் நின்றுபோன சிற்றேடுகள் தமிழில் எண்ணற்றவை. எழுத்து அவ்வாறு நின்றுவிடவில்லை. தொடக்கத்தில் திங்களிதழாகவும் இறுதிக் காலத்தில் காலாண்டிதழாகவும் 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தன. ஒரு தனிமனிதர் பன்னிரண்டு ஆண்டுகள் இதனை நடத்தினார் என்பது எளிய செய்தியன்று.

வரம்பு என்னும் கொள்கை

எழுத்தின் வரலாற்றில் தனித்துக் குறிப்பிடத்தக்கது அது தனக்குத்தானே விதித்துக்கொண்ட வரம்பாகும். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடப்போவதில்லை என்று செல்லப்பா அறிவித்தார். விற்பனை பெருகுவதே வெற்றி என்று அனைவரும் எண்ணியிருந்த காலத்தில், பெருகுவதைத் தாமே தடுத்துக்கொள்ளும் இதழாசிரியரை உலகம் வியப்புடன் நோக்கியது. உண்மையில் சந்தாதாரர் எண்ணிக்கை அவ்வரம்பை எட்டவே இல்லை. சில நூறு பேரே இதழைப் பெற்றுவந்தனர். ஆகவே அவ்வறிவிப்பை நகைத்தவர்களும் உண்டு.

இவ்விடத்தில் பாரதியாரின் நினைவு எழுவது இயல்பு. அவர் 1920இல் தம் படைப்புகளை நாற்பது நூல்களாக, நூலொன்றுக்குப் பத்தாயிரம் பிரதி வீதம் வெளியிடத் திட்டமிட்டார். தீப்பெட்டியைப் போலவும் மண்ணெண்ணெயைப் போலவும் தம் நூல்கள் வீடுதோறும் சென்று சேர வேண்டும் என்பது அவர் கனவு. அதற்குப் பொருளுதவி வேண்டி அவர் விடுத்த வேண்டுகோள் பயன் தரவில்லை. மறு ஆண்டே அவர் மறைந்தார். நான்கு லட்சம் பிரதிகளைக் கனவு கண்ட பெருங்கவிஞரும், இரண்டாயிரத்தை எல்லையாக வகுத்த சிற்றிதழாசிரியரும் முற்றிலும் எதிரெதிரானவர்களாகத் தோன்றலாம். ஆயினும் இருவரும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றே. தமிழில் எழுதுபவன் தன் எழுத்தை யாருடைய தயவில் வாசகனிடம் சேர்ப்பது என்பதே அது. பாரதியார் மக்கள் அனைவரையும் நம்பினார். செல்லப்பா, தேடிவந்து படிக்கும் சிலரை நம்பினார். முதல் நம்பிக்கை பலிக்க அரை நூற்றாண்டு கடந்தது. இரண்டாம் நம்பிக்கை, சிறிய அளவிலேனும், அவர் வாழ்நாளிலேயே பலித்தது.

புதுக்குரல்கள்

அந்தச் சிலர் யாவர் என்று காணும்போதுதான் எழுத்தின் பெருமை புலனாகும். முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் கவிதை இடம்பெற்றது. யாப்பின் கட்டுகளைத் தளர்த்தி எழுதப்பட்ட அக்கவிதையைக் கண்டு, இவ்வாறும் எழுதலாம் போலும் என்று துணிவு பெற்ற இளைஞர்கள் பல ஊர்களிலிருந்து கவிதைகளை அனுப்பத் தொடங்கினர். நாகர்கோவிலிலிருந்து பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி எழுதினார். திருவனந்தபுரத்திலிருந்து நகுலன் எழுதினார். சி. மணி, எஸ். வைத்தீஸ்வரன், தி.சோ. வேணுகோபாலன் ஆகியோர் எழுதினர். இலங்கையின் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதினார். பிற்காலத்தில் பிரமிள் என்று அறியப்பட்ட அவருக்கு அப்போது வயது இருபதை ஒட்டியிருந்தது. வடஇந்தியாவில் பணியாற்றிக்கொண்டிருந்த வெங்கட் சாமிநாதன் தம் கூர்மையான திறனாய்வுகளை எழுதத் தொடங்கியதும் எழுத்தில்தான்.

இவர்களுள் பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் கண்டிராதவர்கள். அஞ்சல் உறையில் வந்த மெல்லிய இதழ் ஒன்றே அவர்களுக்கிடையே பாலமாயிற்று. 1962இல் இக்கவிதைகளிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்தெடுத்துப் புதுக்குரல்கள் என்ற தொகுப்பைச் செல்லப்பா வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிச்சமூர்த்தியின் காட்டு வாத்து தொகுப்பும் எழுத்து பிரசுரமாக வந்தது. தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை எழுதுவோர் எவரும் இவ்விரு நூல்களைக் கடந்து செல்ல முடியாது. இன்று கல்லூரி வகுப்புகளில் பாடமாக நடத்தப்படும் ஓர் இலக்கிய வகை, ஒருவருடைய வீட்டுக் கூடத்தில் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்த சில நூறு பிரதிகளிலிருந்து வளர்ந்தது என்பதை மாணவர்கள் அறிதல் நன்று.

திறனாய்விலும் அவர் புதுவழி கண்டார். ஒரு படைப்பைச் சுவைத்துப் பாராட்டுவதோ இகழ்வதோ போதாது. அதன் சொல், அமைப்பு, உத்தி ஆகியவற்றைப் பகுத்து ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. அலசல் விமர்சனம் என்று இது வழங்கப்பெற்றது. இங்கிலாந்தில் எஃப்.ஆர். லீவிஸ் 1932 முதல் 1953 வரை நடத்திய ஸ்க்ரூட்டினி போன்ற சிற்றிதழ்கள் ஆங்கிலத் திறனாய்வில் செய்த பணியோடு இதனை ஒப்பிடலாம். ஆயின் லீவிஸுக்குக் கேம்பிரிட்ஜ் என்னும் பல்கலைக்கழகச் சூழல் இருந்தது. செல்லப்பாவுக்குத் திருவல்லிக்கேணித் தெரு ஒன்றே இருந்தது.

மலையடிவாரத்தின் கதைகள்

பதிப்பாளர் செல்லப்பாவைப் பேசும்போது படைப்பாளர் செல்லப்பாவை மறந்துவிடலாகாது. எழுத்து பிரசுரம் வெளியிட்ட நூல்களுள் அவருடைய வாடிவாசல் குறுநாவலும் ஒன்று. தந்தையைக் குத்திச் சாய்த்த காரிக்காளையை அடக்கவரும் பிச்சி என்னும் இளைஞனின் கதை அது. மாடு அணைவோரின் பேச்சு, காளையின் அசைவு, ஜமீன்தாரின் மானம் ஆகியவை சிறிய பரப்பில் செறிந்துள்ளன. சின்னமனூரை அடுத்த அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி ஆகிய ஊர்களின் ஜல்லிக்கட்டைக் கண்டவர்களுக்கு அந்நூலின் ஒவ்வொரு வரியும் கண்முன் நிகழ்வதாகவே தோன்றும்.

எழுத்தில் தொடராக வந்த ஜீவனாம்சம் நாவல் வேறொரு வகையினது. கணவனை இழந்து தமையன் வீட்டில் வாழும் சாவித்திரி என்னும் இளம்பெண்ணின் மனவோட்டமே அந்நாவல். அவளுக்குரிய ஜீவனாம்சம் பற்றிய வழக்கு ஒருபுறம் நடக்க, தனக்கு உரிய இடம் எது என்று அவள் தன்னுள்ளேயே தேடுகிறாள். வெளி நிகழ்ச்சிகள் மிகக் குறைவு. வணிக இதழ் எதுவும் இத்தகைய நாவலைத் தொடராக வெளியிட்டிருக்காது. சொந்த இதழ் ஒன்று இருந்தமையால்தான் இந்நாவல் தன் இயல்பு கெடாமல் பிறந்தது.

மூட்டையும் இல்லமும்

நூல்களை அச்சிட்டால் போதுமா? விற்க வேண்டாமா? கடைகள் இவ்வகை நூல்களை வாங்கிவைக்க ஆர்வம் காட்டவில்லை. ஆகவே செல்லப்பா புத்தகங்களைப் பைகளில் நிரப்பித் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். கல்லூரி வாயில்களிலும் ஆசிரியர் அறைகளிலும் அவரைக் காண முடிந்தது. தமிழ்த்துறைகள் மரபிலக்கியத்திலேயே நிலைகொண்டிருந்த காலம் அது. வாங்கியவர்கள் சிலர், வாங்காமல் திருப்பியனுப்பியவர்கள் பலர். கதர் வேட்டியும் சட்டையும் அணிந்து மூட்டையுடன் வந்து நின்ற அம்மெலிந்த உருவத்தை, ஓர் இலக்கிய இயக்கத்தின் தலைவர் என்று எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

இவ்வாழ்க்கைக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. இதழை நடத்த மனைவியின் நகைகள் விற்கப்பட்டன. நிலையான வருவாய் இல்லாத இல்லத்தில், பொம்மைகள் செய்து விற்றும் காலம் கழிந்தது. சரசாவின் பொம்மையை எழுதிப் புகழ்பெற்றவர், வாழ்க்கைக்காகவே பொம்மை செய்ய நேர்ந்தது. சிற்றிதழாளரின் தியாகத்தைப் போற்றும் கட்டுரைகளில், அவர் வீட்டில் அடுப்பெரியக் காரணமாக இருந்தவரின் பெயர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எழுத்தின் 119 இதழ்களிலும் அச்சேறாத ஒரு பங்கு அவ்வம்மையாருடையது. ஒரு பெண்ணின் ஜீவனாம்சத்தைப் பொருளாக்கி நுட்பமான நாவல் எழுதியவர் வாழ்வில் இப்பங்கைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது முறையாகாது.

வேறுபாடுகள்

செல்லப்பா பிடிவாதம் மிக்கவர். தாம் சரியென்று கருதியதை எவர்பொருட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால் நண்பர்களையும் இழந்தார். தொடக்கத்தில் உடனிருந்த க.நா.சு. கருத்து வேறுபாட்டால் விலகி, 1963இல் இலக்கிய வட்டம் என்னும் இதழைத் தனியே தொடங்கினார். எழுத்தில் உருவான இளைஞர்கள் சிலரும் பின்னர் அவரோடு முரண்பட்டனர். அவருடைய திறனாய்வு உரைநடை கரடுமுரடானது, படிப்போரைச் சோர்வுறச் செய்வது என்ற குறையும் கூறப்பட்டது. அதில் உண்மை இல்லாமலில்லை. சமூகச் சிக்கல்களை விட்டு விலகி, தனிமனித அகத்துள் ஒடுங்கிய இலக்கியத்தையே எழுத்து வளர்த்தது என்று முற்போக்கு முகாமினர் சாடினர். அவ்விவாதம் இன்றும் முடிவுற்றதாகக் கூற இயலாது.

ஆயினும் ஒன்று தெளிவு. அவரை மறுத்தவர்களும் அவர் காட்டிய வழியிலேயே மறுத்தனர். கருத்து வேறுபட்டவர்கள் பேரிதழ்களின் வாயிலில் காத்திருக்கவில்லை. தாங்களே இதழ் தொடங்கினர். 1968இல் சேலத்திலிருந்து சி. மணியும் நண்பர்களும் நடை இதழைக் கொணர்ந்தனர். 1970இல் எழுத்து நின்ற அதே ஆண்டில் சென்னையில் கசடதபற தோன்றியது. அதன் பின்னர் ஊர்தோறும் சிற்றிதழ்கள் முளைத்தன. பலவற்றின் ஆயுள் மிகக் குறைவு. ஒன்று மடிந்த இடத்தில் இரண்டு தோன்றின. எழுத்து விட்டுச்சென்ற சொத்துகளுள் முதன்மையானது இந்தத் துணிவேயாகும்.

இறுதிவரை வெளியீட்டாளர்

இதழ் நின்ற பின்னும் செல்லப்பாவின் பணி ஓயவில்லை. 1974இல் தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது என்னும் ஆய்வு நூல் வெளிவந்தது. தம் வழிகாட்டியான பி.எஸ். ராமையாவின் சிறுகதைகள் முழுவதையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் பாணியை ஆராய்ந்து தனிநூலே எழுதினார். தம்மைத் தேடிவந்த விருதுகள் சிலவற்றை ஏற்க மறுத்தார். 1996ஆம் ஆண்டுக்குரிய விளக்கு விருது அமெரிக்கத் தமிழர்களால் அவருக்கு அளிக்கப்பட்டபோது, அத்தொகையைத் தம் சொந்தச் செலவுக்குக் கொள்ளாமல் நூல் வெளியீட்டிற்கே பயன்படுத்தச் செய்தார். கையில் பணமில்லாத முதியவர் ஒருவரின் செயல் இது.

விடுதலைப் போராட்டக் காலத்தைக் களமாகக் கொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் அவர் எழுதிய சுதந்திர தாகம் என்னும் நாவல் 1997இல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 85. அதனையும் எழுத்து பிரசுரமாகத் தாமே வெளியிட்டார். உடல் தளர்ந்த நிலையிலும் மெய்ப்புத் திருத்தவும் தாள் வாங்கவும் பொருள் திரட்டவும் அவரால் இயன்றது. மறு ஆண்டு, 1998 டிசம்பர் 18ஆம் நாள், சென்னையில் காலமானார். அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் அறிவிக்கப்பட்டபோது, அதனை ஏற்கவோ மறுக்கவோ அவர் இல்லை.

அவர் மறைவுக்குப் பின் வாடிவாசல் புதிய பதிப்புகள் பலவற்றைக் கண்டது. 2013இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. 2017இல் ஜல்லிக்கட்டு உரிமைக்காகத் தமிழகமெங்கும் இளைஞர்கள் திரண்டபோது அச்சிறுநூலைத் தேடிப் படித்தோர் பலர். இரண்டாயிரம் என்று வரம்பு கட்டியவரின் நூல், அவ்வரம்பைப் பன்மடங்கு கடந்துவிட்டது. எண்ணிக்கையைத் துரத்தாத எழுத்தைத் தேடி எண்ணிக்கை தானே வந்தது. ஆயினும் அது வருவதற்கு அவர் வாழ்நாள் போதவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கையால் செய்த ஏடுகள்

தம் எழுத்தைத் தாமே அச்சிட்டுப் பரப்பும் முயற்சி உலகெங்கும் உண்டு. 1917இல் இலண்டனை அடுத்த ரிச்மண்டில் வர்ஜீனியா வுல்ஃபும் அவர் கணவர் லெனார்டும் சிறிய கையச்சுப்பொறி ஒன்றை வாங்கி வீட்டிலேயே நூல்களை அச்சிட்டனர். சோவியத் நாட்டில் தடைசெய்யப்பட்ட படைப்புகளை இரவில் தட்டச்சு செய்து கைமாற்றிக்கொண்டனர். அமெரிக்காவில் 1930களில் அறிவியல் புனைகதை அன்பர்கள் தொடங்கிய கைத்தயாரிப்பு ஏடுகள், நாளடைவில் ஸீன் என்ற பெயரோடு உலகெங்கும் பரவின. இன்று பல நாடுகளில் இவ்வேடுகளுக்கென்றே விழாக்கள் நடைபெறுகின்றன. எழுதியவரே மேசை விரித்து அமர்ந்து, தாம் படியெடுத்து மடித்துத் தைத்த ஏட்டை வாசகரிடம் நேரில் கொடுக்கிறார். பணம் இல்லாதவர் தம் ஏட்டைக் கொடுத்து மாற்றிக்கொள்கிறார். கல்லூரி வாயிலில் பையைத் திறந்து நின்ற செல்லப்பாவைக் கண்டவர்களுக்கு இவ்விழாக்கள் புதியனவாகத் தோன்றமாட்டா. அவர் ஒருவரே ஒரு விழாவாக ஊர் ஊராகச் சென்றார்.

இன்று கணினியும் கைப்பேசியும் அச்சின் சுமையைக் குறைத்துவிட்டன. தேவைக்கேற்பப் பத்துப் பிரதிகள்கூட அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. ஈய எழுத்தும் அவற்றைப் பொறுக்கிய விரல்களும் மறைந்துவிட்டன. ஆனால் செல்லப்பா எதிர்கொண்ட வினா மறையவில்லை. எல்லோரையும் சென்றடைய வேண்டும் என்னும் ஆசையால் எழுத்தை நீர்த்துப்போகச் செய்வதா? சிலரையே சென்றடைந்தாலும் எழுத்தைக் காப்பதா? காப்பதாயின் அதன் விலையை யார் கொடுப்பது? வீட்டிலிருப்பவர் தலையில் அதனைச் சுமத்தாமல், கூடிப் படிப்பவர்கள் பகிர்ந்துகொள்ள வழியுண்டா? இவ்வினாக்களுக்கு விடை காணும் இடம் ஊர்தோறும் இயங்கும் இலக்கிய வட்டங்களே. செல்லப்பாவுக்குத் துணையாக அன்று நாலு ஊர்களில் நாலு வட்டங்கள் இருந்து, ஆளுக்கு ஐம்பது பிரதிகளை ஏற்றிருந்தால், அந்த நகைகள் விற்கப்படாமல் இருந்திருக்கலாம்.

பத்தாண்டுகள் கூடிப் படித்து, தம் கைப்பொருளால் ஒரு மலரை வெளியிடும் வட்டத்தினர் செல்லப்பாவின் வழியினரே. போடி மலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் மூட்டை சிறியது. அதனைப் பறித்த கைகளையும் சுமந்த தோள்களையும் அறிந்தவர்களுக்கே அதன் உண்மையான எடை தெரியும். சின்னமனூரில் பிறந்து, தம் எழுத்தைத் தாமே சுமந்த அப்பெருமகனாரின் மூட்டையும் அத்தகையதே. அதனை அடுத்த தலைமுறையின் தோளுக்கு மாற்றும்போது, ஒரு தோள் தனித்துச் சுமக்காமல் பல தோள்கள் சேர்ந்து சுமக்குமாறு செய்வதே அவருக்குச் செலுத்தத்தக்க நன்றியாகும்.